பின் சக்கரம் ஏன் முனகுகிறது?

பின் சக்கரத்துப் பேரிங் கெடத் தொடங்கினால் முதலில் ஏமாறுவது காதுதான். சத்தம் நாளுக்கு நாள் துளித்துளியாக ஏறுவதால், அது எப்போது தொடங்கியது என்று வண்டி ஓட்டுகிறவருக்கே தெரியாது. வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார். எப்போதாவது பின் இருக்கையில் ஏறும் உறவினர்தான், "பின்னால என்ன இது, ஊன்னு ஒரு சத்தம்?" என்று கேட்பார். எஸ்யூவியில் இந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். செடான் காரில் பூட் தனி அறை. எஸ்யூவியில் பூட்டும் பயணிகள் இருக்கும் இடமும் ஒன்றே. பின்னச்சில் எழும் ஒலி தடையில்லாமல் உள்ளே வந்து கூரை முழுக்கப் பரவும். எந்தப் பக்கத்துச் சக்கரம் என்றுகூடப் பிடிபடாது.

ஈப்போவின் புந்தோங்கிலும் பக்கத்தில் மெங்லெம்புவிலும் உள்ள ஒர்க்ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணே, இது டயர் சத்தமா, பேரிங் சத்தமா?" இதற்கு வண்டியைத் தூக்காமலே பாதி விடை காணலாம். புதுத் தார் போட்ட சாலையிலிருந்து கரடான பழைய சாலைக்கு இறங்கும்போது டயரின் ஒலி மாறும். பேரிங்கின் ஒலிக்குச் சாலையைப் பற்றிக் கவலையில்லை; வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். மீதிப் பாதி விடை வளைவுகளில் இருக்கிறது. கோலகங்சாரிலிருந்து வரும்போது மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் நீண்ட வளைவுகள் வரும். வண்டி வலப்பக்கம் வளைகையில் எடை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது முனகல் ஓங்கினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான் கெட்டிருக்கும்.

வளைவில் இவ்வளவு மாற்றம் வருவதற்கு எடை இடம் மாறுவது மட்டும் காரணமில்லை. வளையும்போது சாலை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் தரை மட்டத்தில் நடக்கிறது. சக்கரத்தின் மையமோ அதிலிருந்து 34 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு நீளமான நெம்புகோலைப் பிடித்துச் சாலை திருகுகிறது. அதைத் தாங்கும் பேரிங்கின் இரண்டு குண்டு வரிசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில சென்டிமீட்டர்தான். ஆகவே நேர்ச் சாலையில் அமைதியாக எடை சுமக்கும் குண்டுகள் வளைவில் பல மடங்கு நெருக்கப்படுகின்றன. ரிம் வெளியே துருத்தி நிற்பது அழகு என்று ஸ்பேசர் போடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தைப் பேரிங்கின் நடுவிலிருந்து வெளியே தள்ளும்போது, நேராக ஓடுகையில்கூடத் திருகல் நிற்பதில்லை.

அந்த முனகலுக்கு ஒரு கணக்கு உண்டு. எஸ்யூவி டயரின் விட்டத்தை 68 சென்டிமீட்டர் என்று கொண்டால் சுற்றளவு 2.1 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுழல்கிறது. பேரிங்கில் ஒரு வரிசைக்கு 14 குண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் குண்டுகள் அரைச் சுற்றைக்கூட எட்டுவதில்லை, சற்றுப் பின்தங்கியே உருளும். எனவே குண்டுகளைச் சுற்றி அசையாமல் நிற்கும் வெளிவளையத்தில் ஒரு குழி இருந்தால், சக்கரம் ஒரு முறை சுழலும்போது ஏறக்குறைய 6 குண்டுகள் அதன்மேல் ஏறி இறங்கும். வினாடிக்கு 70 தட்டு, அதாவது 70 ஹெர்ட்ஸ். மணிக்கு 45 கிலோமீட்டரில் அது 35 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். அவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதில் சரியாக விழாது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமில்லாதது போலிருந்து நெடுஞ்சாலை ஏறியதும் சத்தம் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழி எப்படி வந்தது? "தேய்ந்துபோச்சு" என்கிறோம். நல்ல பேரிங்கில் தேய்மானம் என்பதே ஏறக்குறைய இல்லை. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே கிரீஸிலிருந்து கசியும் எண்ணெய், ஒரு மைக்ரானை எட்டாத படலமாக நிற்கிறது. தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். அதில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லாத மெலிவு. அந்தப் படலம் பிதுங்கி ஓடாமல் நிற்பது பெரிய அதிசயம். ஒரு பின் சக்கரம் சுமக்கும் எடை 350 கிலோ என்று கொண்டால், மேலே இருக்கும் சில குண்டுகளே அதில் பெரும் பங்கைத் தாங்குகின்றன. உருண்டையான குண்டு வளையத்தைத் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் கணநேரம் இறுகி, பாகுநிலையையும் கடந்து, கிட்டத்தட்டத் திடப்பொருள் போல நடந்துகொள்கிறது. குண்டு கடந்து போனதும் மறுபடி எண்ணெயாகிவிடுகிறது. வினாடிக்குப் பல பத்து முறை இது நடக்கிறது. அதனால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

ஆனால் எஃகு வளைகிறது. ஒவ்வொரு குண்டு கடக்கும்போதும் வளையத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கி எழுகிறது. இரண்டு வளைந்த பரப்புகள் அழுந்தும்போது தகைவு எப்படிப் பரவும் என்பதை 1881-ல் கணக்கிட்டுக் காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்திப் பார்த்தபோது எழுந்த கேள்வி அது. அதிர்வெண்ணை அளக்க நாம் சொல்லும் ஹெர்ட்ஸ் என்பதும் இவர் பெயர்தான். முனகலை அளப்பதற்கும் அதன் காரணத்தை விளக்குவதற்கும் ஒரே மனிதர் உதவுகிறார். அவர் கணக்கின்படி நறுக்கும் தகைவு மிகுதியாக இருப்பது மேற்பரப்பில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் முறிவதுபோல, அங்கே கோடிக்கணக்கான அமுக்கல்களுக்குப் பிறகு ஒரு நுண்வெடிப்பு பிறக்கிறது. அது மெல்ல மேலே வந்து ஒரு செதிலைப் பெயர்த்துவிடுகிறது. அதுதான் குழி. அடுத்த குண்டு அந்தக் குழியின் விளிம்பில் இடிக்கும். விளிம்பு இன்னும் உடையும். வண்டியின் எடை வெளிவளையத்தின் மேற்பகுதியிலேயே எப்போதும் அழுத்துவதால், பெரும்பாலும் அந்த வில்லில்தான் முதல் குழி விழும்.

உலோகத்தின் இந்தக் களைப்பைக் கொண்டு ஆயுளைக் கணிக்கும் வழியை ஸ்வீடனின் எஸ்கேஎஃப் நிறுவனத்தில் பணியாற்றிய அர்விட் பால்ம்கிரென் 1924-ல் வெளியிட்டார். 1947-ல் குஸ்டாஃப் லுண்ட்பெரிக்கும் அவரும் சேர்ந்து அதற்கு உறுதியான கோட்பாடு தந்தார்கள். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது அதன் சாரம். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. இது புந்தோங்குக்கு நேராகப் பொருந்தும். இங்கே கம்போங் கச்சாங் பூத்தேயில் வறுத்த கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் மூட்டை மூட்டையாகச் சந்தைகளுக்குப் போகின்றன. 350 கிலோ சுமந்த பின் சக்கரங்களுக்கு மேலே 200 கிலோ சரக்கை ஏற்றினால் ஒவ்வொன்றும் 450 கிலோ சுமக்கும். சுமை ஏறியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கணக்குப்படி ஆயுள் பாதிக்கும் கீழே போய்விட்டது. மூட்டைகளைப் பின்கதவை ஒட்டி அடுக்கினால் இன்னும் மோசம். அச்சுக்குப் பின்னால் விழும் எடை முன்பக்கத்தைத் தூக்கி, தன் எடையைவிட அதிகமாகப் பின்னச்சில் ஏற்றும். கனமானதைப் பின் இருக்கையை ஒட்டி வைப்பதற்குக் காசு செலவில்லை.

ஆனாலும் வெறும் களைப்பால் சாகும் பேரிங்குகள் குறைவு. அதற்கு முன்பே வேறு மூன்று அவற்றைக் கொன்றுவிடுகின்றன: அடி, தண்ணீர், தவறான முறுக்கு. சாலைக் குழியில் விழும் சக்கரம் குண்டை வளையத்தில் குத்தி ஒரு பள்ளம் பதிக்கும். டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் அடி இன்னும் நேராக இறங்கும்.

தண்ணீர் நுழையும் விதம் பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த பேரிங்கின் உட்புறம் 70 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேறியிருக்கலாம். மாலை மழையில் தண்ணீர் தேங்கிய சாலைக்குள் வண்டி இறங்குகிறது. அச்சு மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் கன அளவு 12 விழுக்காடு சுருங்கப் பார்க்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, சீலின் உதடுகளின் வழியாகச் சேற்று நீர் உறிஞ்சப்படும். பேரிங்கைத் திறந்து உலர்த்த வழியில்லை. நீர்த்துளி சேர்ந்த எண்ணெய்ப் படலம் குண்டைத் தூக்கி நிறுத்தாது. துருவும் கூடவே வரும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கிந்தா பள்ளத்தாக்கில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரைக் கழுவும்போது உயரழுத்த நீரைச் சக்கரத்தின் உட்பக்கம் நேராகப் பீய்ச்சுவதும் அதே தவறுதான்.

இனி வீட்டில் மாற்றுவது பற்றி. சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான்: பழைய பேரிங்கைப் பத்து ஆண்டுகளில் கொன்ற அடியையும் ஈரத்தையும் தவறான முறுக்கையும், புதிய பேரிங்குக்கு நம் கையாலேயே ஒரே பிற்பகலில் தந்துவிட முடியும். அதனால் எந்த வகைப் பேரிங் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

முன்சக்கர இயக்கம் கொண்ட இன்றைய எஸ்யூவிகள் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஹப்பும் பேரிங்கும் ஒரே உறுப்பாக, நான்கு போல்ட்டுகளில் நிற்கும். பேராக்கின் தஞ்சோங் மாலிமில் உருவாகும் புரோட்டோன் எக்ஸ்70-யின் பெரும்பாலான வகைகளும் முன்சக்கர இயக்கம்தான். இந்த வகையைப் பொறுமை உள்ளவர் வீட்டில் மாற்றலாம். பெரோடுவா அரூஸ் வேறு. அது பின்சக்கர இயக்கம், பின்னால் ஒரே கட்டையான அச்சு. இத்தகைய அச்சுகளில் பேரிங் அச்சுத் தண்டின்மேலேயே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதைக் கழற்ற ஹைட்ராலிக் பிரெஸ் வேண்டும். தண்டை உருவி எடுப்பது வரை வீட்டில் செய்து, பிரெஸ் வேலையை ஒர்க்ஷாப்பில் முடிப்பதுதான் அறிவு. சுத்தியலால் அடித்து ஏற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

தூக்கும்போது ஒரு நுட்பம். பின் பிரேக்கைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியில் கியரை 'பி'-யில் போட்டால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பின்சக்கர இயக்க வண்டியில் அப்படியில்லை. 'பி' பூட்டுவது நடுத்தண்டை மட்டும்தான். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், டிஃபரென்ஷியல் வழியாக அது எதிர்த்திசையில் சுழல, தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் உருளத் தொடங்கிவிடும். தாமான் வீடுகளின் போர்ச் பெரும்பாலும் சாக்கடையை நோக்கிச் சற்றுச் சரிந்தே இருக்கும். முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டின்மேல் இறக்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

சக்கரம் எழும்பியதும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சுருள்வில்லின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பை வில் கையில் கொண்டுவந்து சேர்க்கும். காதைவிட நம்பத்தக்கது இது. மறுபக்கத்தையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறான பக்கத்தை மாற்றுவது ஒன்றும் அரிதல்ல. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை.

மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் பின் கேலிப்பரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைப் பிடித்துத் தள்ளினால் அதன் மோட்டார் கெடும். கழற்றிய கேலிப்பரைக் கம்பியால் வில்லில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது. டிஸ்க், ஏபிஎஸ் கம்பி, பின்னாலிருந்து நான்கு போல்ட்டு. அதற்குப் பிறகு ஹப் தானாக விழுந்தால் அது அதிர்ஷ்டம். பெரும்பாலும் துரு அதை, ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு ஒட்டவைத்திருக்கும். ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு வைத்து, ஸ்லைடு ஹேமரால் இழுத்து எடுக்கலாம். பழைய பேரிங்கின்மேல் எவ்வளவு அடி விழுந்தாலும் கவலையில்லை. நக்கிளின் முகத்தில் மட்டும் விழக் கூடாது. அந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதில் புதிய ஹப்பைச் சாய்த்து உட்காரவைக்கும். டிஸ்க் தள்ளாடும், பிரேக் அதிரும்.

புதிய பேரிங்கை எடுக்கும்போது நினைவில் இருக்க வேண்டியது ஒன்றே: விசை எந்த வழியாகப் போகிறது? நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றும் வகையாக இருந்தால் வெளிவளையத்தை மட்டுமே தள்ள வேண்டும். ஹப்பை அதற்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பிரெஸ்ஸின் டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் வளையத்தில் தன் தடத்தைப் பதித்துவிடும். அந்தப் பேரிங் புதுப்பெட்டியிலிருந்து வந்ததாக இருந்தாலும் அன்றே முனகத் தொடங்கும்.

சிலர் ஏற்றுவதற்கு முன் பேரிங்கை உறைபெட்டியில் வைப்பார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை. எஃகு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு சுருங்கும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம் ஈப்போவின் 32 டிகிரியிலிருந்து உறைபெட்டியின் மைனஸ் 18-க்கு இறங்கினால் 0.05 மில்லிமீட்டர் அளவில் சிறுத்துவிடும். இறுக்கப் பொருத்தத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வெளியே எடுத்த கணமே அதன்மேல் பனித்துளி படியும். உறையோடு வைத்து எடுத்து, உடனே துடைத்து, உடனே ஏற்ற வேண்டும். தயங்கி நின்றால் குளிரும் போய்விடும், ஈரமும் சேர்ந்துவிடும்.

ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலுக்குள் காந்த வளையம் இருக்கலாம். வடக்கும் தெற்கும் மாறி மாறிப் பதிந்த அந்த வளையத்தைப் படித்துத்தான் கணினி சக்கரத்தின் வேகத்தை அறிகிறது. அழுத்தி ஏற்றும் வகையில் அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பி ஏற்றினால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி பிரெஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு பேப்பர் கிளிப்பை அருகே கொண்டுபோனால் போதும், ஒட்டும் பக்கம் அதுதான். இரும்புத் தூள் கிடக்கும் மேசையில் அந்த முகத்தைக் கவிழ்த்து வைக்கக் கூடாது.

கடைசியில் முறுக்கு. போல்ட்டை முறுக்குவது அதைக் கொஞ்சம் நீட்டி, வில்லாக்கி, இரண்டு பாகங்களையும் பிடித்து வைக்கத்தான். நாம் தரும் முறுக்கில் ஏறக்குறைய 90 விழுக்காடு தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. அதனால்தான் மரையில் எண்ணெய் தடவுவதும் தடவாமல் விடுவதும் பெரிய வித்தியாசம் தரும். உராய்வு சற்றே குறைந்தாலும் நீட்சி தாறுமாறாக ஏறும். கையேடு உலர்ந்த மரைக்கு அளவு தந்திருந்தால் உலர்ந்தே இருக்கட்டும். நடு நட்டு உள்ள வகைகளில் இது இன்னும் முக்கியம். உள்வளையம் இரண்டு துண்டுகளாக இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று நெருக்கிக் குண்டுகளுக்குச் சரியான முன்னழுத்தம் தருவது அந்த நட்டுதான். அதைத் தளர்வாக விட்டு வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தினால் வளையங்கள் விலகிப் பேரிங் கெடும். இம்பாக்ட் கன்னால் "போதும்" என்று தோன்றும் வரை முறுக்குவது அளவல்ல. டார்க் ரெஞ்ச் இல்லாதவர் அதை இரவல் வாங்கிய பிறகு இந்த வேலையைத் தொடங்கலாம்; அவசரமில்லை.

வேலை முடிந்ததும் பழைய பேரிங்கைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அதை வெட்டித் திறந்து பார்த்தால் இறந்த காரணம் எழுதியிருக்கும். வெளிவளையத்தின் மேல்வில்லில் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் சுமையும் வயதும். குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால் ஏதோ ஒரு நாள் விழுந்த அடி, அல்லது முன்பு மாற்றியவரின் பிரெஸ். கிரீஸ் பால்கலந்த காப்பி நிறத்தில் இருந்து, வளையத்தில் செந்துருக் கறை படிந்திருந்தால் தண்ணீர். அடி ஒரு பக்கத்தோடு போயிருக்கலாம், மறுபக்கப் பேரிங்கை அப்படியே விட்டுவிடலாம். சுமையும் வயதும் என்றால் மறுபக்கமும் அதே கிலோமீட்டர்களைச் சுமந்திருக்கிறது. அதன் ஒலியை மாதம் ஒரு முறை கவனித்து வர வேண்டும். தண்ணீர் என்றால், அதே வெள்ளத்தில் அதே ஆழத்தில் மறுபக்கமும் மூழ்கியிருக்கும். ஸ்டாண்டை எடுத்து வைப்பதற்கு முன் ஸ்பேர் பார்ட் கடைக்குப் போய் இன்னொன்றையும் வாங்கி வந்துவிடுவது நல்லது.